கருவியோடு நேருக்கு நேர்: கைக்கணினியும் சீரியல் போர்ட்டும்

ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த சாதாரண ஜிபிஎஸ் கருவிகள், ஒரே இரவில் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கின. மைக்ரோசாஃப்டின் பாக்கெட் பிசி அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். காம்பேக் நிறுவனம் வெளியிட்ட ஐபேக் என்ற கைக்கணினி, 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்டிராங்ஆர்ம் செயலியோடு சட்டைப்பைக்குள் அடங்கியது. இடத்தைச் சொல்ல ஒரு கருவி, சொன்னதைக் கணக்கிட ஒரு கணினி, இரண்டும் கைக்கடக்கமாகக் கிடைத்துவிட்டன. இரண்டையும் பேசவைக்க ஒரு கம்பிதான் தேவைப்பட்டது. அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் இருந்தது சீரியல் போர்ட்.

வரைபடம் காட்டும் ஆயத்த மென்பொருள்கள் கடையில் கிடைத்தன. ஆனால் காட்டில் மரக் கணக்கெடுப்பவருக்கு வேண்டியது வேறு. மரத்தின் அருகில் நின்று சுற்றளவைத் தட்டினால், இடமும் நேரமும் தானாக ஒட்டிக்கொண்டு ஒரு வரியாகப் பதிய வேண்டும். கிணற்று நீர்மட்டம் அளப்பவருக்கு வேறொரு வடிவம், மண் ஆய்வாளருக்கு இன்னொன்று. இந்தச் சிறிய தேவைகளுக்காக எந்த நிறுவனமும் மென்பொருள் எழுதப்போவதில்லை. தாமே எழுதலாம் என்றால் சி++ போன்ற மொழி வேண்டும். அதற்கு மேசைக்கணினியில் தனி மென்பொருள் நிறுவி, தொகுத்து, கைக்கணினிக்கு மாற்ற வேண்டும். களத்தில் ஒரு தவறு தெரிந்தால் திருத்த அலுவலகம் திரும்ப வேண்டியதுதான். பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழி இந்தத் தொல்லையைத் தீர்த்தது. நிரல் வெறும் உரைக்கோப்பு. மரத்தடியில் உட்கார்ந்து ஸ்டைலஸால் ஒரு வரியைத் திருத்தி, அங்கேயே மறுபடி ஓட்டலாம். பாக்கெட் பிசிகளில் ஓடிய விண்டோஸ் சிஇ இயங்குதளத்துக்கு ஆர்வலர்கள் பைத்தானைக் கொண்டுவந்தபோது கிடைத்த சுதந்திரம் அது. அறிவியல் கருவிகளின் வரலாற்றில் அதற்கு உரிய இடத்தை நாம் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சீரியல் போர்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆர்எஸ்-232 என்ற தரம் 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. தொலைத்தட்டச்சு இயந்திரங்களையும் மோடங்களையும் இணைப்பது அதன் நோக்கம். அனுப்ப ஒரு கம்பி, பெற ஒரு கம்பி, பொதுவான தரைக்கம்பி ஒன்று என்று மூன்றிருந்தால் உரையாடல் நடந்துவிடும். கம்பி சும்மா இருக்கும்போது அதில் 1 நிற்கிறது. இந்தத் தரத்தில் 1 என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரையுள்ள எதிர் மின்னழுத்தம். 0 என்பது அதே அளவு நேர் மின்னழுத்தம். ஓர் எழுத்தை அனுப்புமுன் கம்பி ஒரு பிட் நேரத்துக்கு 0 ஆகிறது. 'இதோ வருகிறது' என்ற அறிவிப்பு அது. பிறகு எட்டு பிட்கள், கடைசியில் ஓய்வாக ஒரு 1. ஆங்கிலத்தின் பெரிய 'ஏ' எழுத்துக்கு எண் 65, இரும முறையில் 01000001. கம்பியில் அது பின்னாலிருந்து போகும்: 1, 0, 0, 0, 0, 0, 1, 0. முன்னும் பின்னும் ஒவ்வொரு பிட் சேர்த்து, ஓர் எழுத்துக்குப் பத்து பிட்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, இரு கருவிகளுக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது என்பதுதான். ஒவ்வோர் எழுத்தின் தொடக்க பிட்டைப் பார்த்ததும் பெறுபவர் தம் கடிகாரத்தை அங்கிருந்து ஓடவிடுகிறார். ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறார். பத்தே பிட்களில் எழுத்து முடிந்துவிடுவதால், இரு கடிகாரங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து சதவீத வேறுபாடு வரும் வரை கடைசி பிட்டும் சரியாகவே படிக்கப்படும். மலிவான கருவிகளும் தவறில்லாமல் பேச முடிவது இந்தத் தாராளத்தால்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வேகம், பிட்களின் எண்ணிக்கை, சரிபார்ப்பு பிட், நிறுத்த பிட் ஆகியவற்றை இரு பக்கமும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். இதை இணைப்பு தானாகக் கண்டுபிடிக்காது. வேகம் தவறினால் திரையில் பொருளற்ற குறிகள் கொட்டும்.

ஜிபிஎஸ் கருவிகள் பின்பற்றிய என்எம்இஏ 0183 என்ற கடல்சார் தரத்தில் வேகம் 4800 பாட். நொடிக்கு 4800 பிட் என்றால் 480 எழுத்துகள். ஓர் எழுத்துக்குச் சுமார் 2 மில்லி நொடி. அந்த 2 மில்லி நொடியில் ஐபேக்கின் செயலி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளைக் கடந்துவிடுகிறது. ஸ்கிரிப்ட் மொழிகள் மெதுவானவை, வன்பொருளோடு பேச அவை லாயக்கில்லை என்று அப்போது பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அச்சத்துக்கு இடமே இல்லை. தவிர, எழுத்து வந்து விழும் அந்தக் கணத்தில் ஸ்கிரிப்ட் விழித்திருக்கவும் வேண்டாம். போர்ட்டை நடத்தும் யூஆர்ட் சில்லு பிட்களைக் கோத்து எழுத்தாக்குகிறது; பரவலாகப் புழங்கிய 16550 வகைச் சில்லில் பதினாறு எழுத்துகள் காத்திருக்க இடமுண்டு. இயங்குதளத்தின் டிரைவர் அங்கிருந்து அள்ளித் தன் பெரிய சேமிப்பில் போடுகிறது. தொட்டியில் விழும் நீரைக் குடத்தில் மொள்வதுபோல், ஸ்கிரிப்ட் தனக்கு நேரம் கிடைக்கும்போது வந்து எடுத்துக்கொள்ளலாம். அவசர வேலை சில்லுக்கும் டிரைவருக்கும், சிந்திக்கும் வேலை ஸ்கிரிப்டுக்கும் என்ற இந்தப் பிரிவினைதான் முழு ஏற்பாட்டையும் சாத்தியமாக்குகிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். சிக்கல்கள் அங்கேதான்.

விண்டோஸ் சிஇ, மேசைக்கணினி விண்டோஸைச் சுருக்கி எடுத்ததல்ல. 1996இல் வெளியான அது தனியாக எழுதப்பட்ட இயங்குதளம். பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் பழக்கங்கள் வேறு. மேசைக்கணினியில் பைத்தானிலிருந்து சீரியல் போர்ட்டைத் திறக்கப் பைசீரியல் என்ற நூலகம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதன் விண்டோஸ் பகுதியை அப்படியே எடுத்துக் கைக்கணினியில் வைத்தால் ஓடாது. அந்தப் பகுதி, வாசிக்கச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய், தரவு வந்ததும் திரும்பும் வசதியை நம்பி எழுதப்பட்டது. விண்டோஸ் சிஇயில் சீரியல் போர்ட்டுக்கு அந்த வசதி இல்லை. வாசி என்றால், வாசித்து முடியும் வரையோ காலக்கெடு தீரும் வரையோ காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் இயங்குதளத்தின் செயற்கூறுகளை நேரடியாக அழைப்பதே வழி. 2006இல் வந்த பைத்தான் 2.5இல் சிடைப்ஸ் என்ற பகுதி சேர்க்கப்பட்டது. சி மொழியில் எழுதப்பட்ட நூலகங்களைப் பைத்தானிலிருந்தே அழைக்க உதவுவது அது. கைக்கணினிப் பைத்தானிலும் அது வந்ததால் கதவு திறந்தது. மேசைக்கணினியில் கெர்னல்32 என்ற கோப்பில் இருக்கும் செயற்கூறுகள் இங்கே கோர்டிஎல்எல் என்ற கோப்பில் இருக்கின்றன. போர்ட்டைத் திறக்கும் செயற்கூறின் பெயர் கிரியேட்ஃபைல். பெயர் கோப்பைச் சொன்னாலும் போர்ட்டையும் அதுவே திறக்கிறது. விண்டோஸ் சிஇ யூனிகோடு மட்டுமே அறிந்தது என்பதால், அந்தச் செயற்கூறின் அகல எழுத்து வடிவத்தைத்தான் அழைக்க முடியும். போர்ட்டின் பெயரையும் யூனிகோடு சரமாகவே கொடுக்க வேண்டும்.

பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. மேசைக்கணினியில் 'காம்1' என்றால் போதும். விண்டோஸ் சிஇயில் கடைசியில் முக்காற்புள்ளியும் சேர்த்து 'காம்1:' என்று எழுத வேண்டும். மூன்று எழுத்து, ஓர் இலக்கம், ஒரு முக்காற்புள்ளி என்பதுதான் அங்கே சாதனப் பெயரின் இலக்கணம். முக்காற்புள்ளியை விட்டுவிட்டால் அந்தப் பெயரில் ஒரு கோப்பைத் தேடிப்போய், இல்லை என்று கைவிரித்துவிடும். இந்த ஒற்றைக் குறியால் எத்தனையோ பேரின் மாலை நேரம் வீணாகியிருக்கும். எந்த எண் எந்தப் போர்ட் என்பதும் கருவிக்குக் கருவி மாறும். அடியிலுள்ள இணைப்பு, அகச்சிவப்பு வாயில், புளூடூத் வழியே உருவாகும் மெய்நிகர் போர்ட் எல்லாம் அதே 'காம்' வரிசையில் நிற்கும். எண்ணை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கோப்பின் முழு முகவரியையும் எழுத வேண்டும், ஏனென்றால் விண்டோஸ் சிஇயில் 'நடப்புக் கோப்புறை' என்ற கருத்தே கிடையாது.

திறந்த பிறகு வேகத்தை அமைக்க வேண்டும். டிசிபி என்ற 28 பைட் கட்டமைப்பில் போர்ட்டின் எல்லா அமைப்புகளும் இருக்கின்றன. முழுவதையும் நாமே நிரப்ப முயல்வது தேவையற்ற ஆபத்து. தற்போதைய நிலையைக் கேட்டு வாங்கி, அதில் வேகம் முதலான நான்கைந்து எண்களை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுப்பதே பத்திரமான முறை. அடுத்தது காலக்கெடு, இது ஐந்து எண்கள் கொண்ட இன்னொரு கட்டமைப்பு. வாசிக்கும் பக்கத்துக்கான மொத்தக் கெடுவாக 1000 மில்லி நொடி வைத்தால், தரவு வராவிட்டாலும் ஒரு நொடியில் நிரலுக்குக் கட்டுப்பாடு திரும்பும். இதை அமைக்காமல் வாசிக்கப் போனால், ஜிபிஎஸ் அணைந்திருக்கும் நாளில் நிரல் உறைந்து நிற்கும். திரை உயிர்ப்போடு இருக்க வேண்டுமானால் வாசிப்பைத் தனி இழையில் ஓடவிடலாம். சிடைப்ஸ் வழியாக வெளி நூலகத்தை அழைக்கும்போது ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டுமே ஓடவிடும் தன் பொதுப் பூட்டைப் பைத்தான் தளர்த்திவிடுவதால், ஓர் இழை காத்திருக்கும்போது மற்றது தாராளமாக வேலை செய்யும்.

கைக்கணினிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு: தூக்கம். பயனர் மின் பொத்தானை அழுத்தினால் கருவி அணைவதில்லை, உறங்குகிறது. விழித்தெழும்போது நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் போர்ட்டுக்கு மின்சாரம் நின்று போயிருக்கும். நிரல் முன்பு திறந்துவைத்த இணைப்பு பல கருவிகளில் செல்லாததாகிவிடும். வாசிப்பு தோற்றால் மூடி, சற்று இடைவெளி விட்டு, மறுபடி திறக்கும் நாலு வரிகளை முதலிலேயே எழுதிவிட வேண்டும். வேலை முடிந்ததும் மூடுவதும் கட்டாயம். திறந்திருக்கும் வரை மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் சில்லு பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு நிரல் திறந்துவைத்த போர்ட்டை இன்னொன்று திறக்கவும் முடியாது. இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் 2005இல் வந்த விண்டோஸ் மொபைல் 5.0இல், ஒரே ஜிபிஎஸ்ஸைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் இடைநிலை டிரைவரை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது.

தரவு வரத் தொடங்கிய பிறகுதான் பலர் தடுமாறுவார்கள். கருவி ஒரு வரி அனுப்பினால் நாமும் ஒரு வரி வாசிப்போம் என்று எண்ணுவது இயல்பு. சீரியல் போர்ட்டுக்கு வரி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது எழுத்துகளின் ஓட்டம் மட்டும். ஒருமுறை வாசித்தால் அரை வரி வரலாம், அடுத்த முறை மிச்ச அரையோடு அடுத்த வரியின் தலையும் சேர்ந்து வரலாம். வருவதையெல்லாம் ஒரு சரத்தில் சேர்த்துக்கொண்டே போய், வரிமுடிவுக் குறி தென்படும்போது மட்டும் அதுவரை உள்ளதை வெட்டியெடுத்து, மீதியை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மிகச் சிறிய நிரல் துண்டுதான். ஆனால் சீரியல் போர்ட்டோடு சரியாக வேலை செய்யும் ஒவ்வொரு நிரலின் இதயமும் இதுதான்.

வெட்டியெடுத்த வரியை நம்பலாமா? என்எம்இஏ தரம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கி, நட்சத்திரக் குறிக்குப் பின் இரண்டு பதினாறடிமான இலக்கங்களில் முடிகிறது. டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக எக்ஸ்ஆர் செய்தால் வரும் விடை அந்த இரு இலக்கங்களோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வரியைத் தூக்கி எறிந்துவிடலாம். அடுத்த நொடி வேறொன்று வரும். பொருந்திய வரியைக் காற்புள்ளிகளில் பிரித்தால் நேரம், அகலாங்கு, நெட்டாங்கு, துணைக்கோள்களின் எண்ணிக்கை எல்லாம் கிடைக்கும். சரங்களைப் பிரிப்பதில் பைத்தானுக்கு இணை சொல்வது கடினம். சி மொழியில் ஒரு பக்கம் பிடிக்கும் வேலை இங்கே சில வரிகள்தான்.

அகலாங்கைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே நின்றால் கருவி 1304.9500 என்று அனுப்பும். இது 13 பாகை, 4.95 கலை. அறுபது கலை ஒரு பாகை என்பதால் 4.95ஐ 60ஆல் வகுத்துச் சேர்க்க வேண்டும்: 13.0825 பாகை. புள்ளியை இரண்டு இடம் நகர்த்தினால் போதும் என்று 13.0495 ஆக எடுத்துக்கொண்டால், நீங்கள் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தள்ளப்பட்டுவிடுவீர்கள். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. எண்ணும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். அளவைப் பணியில் இப்படிச் சத்தமில்லாமல் நுழையும் தவறுகள்தான் அஞ்ச வேண்டியவை. தெரிந்த ஓர் இடத்தில் நின்று, நிரல் சொல்வதை வரைபடத்தோடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகே களத்துக்குப் போக வேண்டும்.

கேபிளும் ஒரு பாடம். கைக்கணினியோடு வந்த கேபிள் மேசைக்கணினியில் செருகச் செய்யப்பட்டது. ஜிபிஎஸ்ஸோடு வந்ததும் அப்படியே. இரண்டின் ஒன்பது பின் முனைகளும் ஒரே பாலினம், ஒன்றோடொன்று சேராது. முனைமாற்றி வாங்கிச் சேர்த்தாலும் இரு பக்கத்தின் அனுப்பும் கம்பிகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருக்கும். இரண்டாம், மூன்றாம் பின்களைக் குறுக்காக மாற்றும் 'நல் மோடம்' இணைப்பியும் வேண்டும். இன்னும் ஜாக்கிரதை தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. சில கருவிகளின் இணைப்பில் வருவது ஆர்எஸ்-232 மின்னழுத்தமே அல்ல, 3.3 வோல்ட் தருக்க மின்னழுத்தம். அங்கே 1 என்பது நேர், 0 என்பது சுழியம். அதில் 12 வோல்ட் வரும் கம்பியை நேராகச் செருகினால் கருவி எரிந்துபோகலாம். நடுவில் மாக்ஸ்3232 வகைச் சில்லு ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

ஐபேக்கிலேயே லினக்ஸ் நிறுவிக்கொண்டவர்களுக்கு இந்தப் பாடுகளில் பாதி இல்லை. அங்கே போர்ட் என்பது ஒரு கோப்பு. பைத்தானின் வழக்கமான ஓபன் கட்டளையே திறந்துவிடும். ஆனால் லினக்ஸ் அந்தப் போர்ட்டின் மறுமுனையில் ஒரு மனிதர் தட்டச்சு செய்வதாகவே முதலில் நினைத்துக்கொள்ளும். வந்த எழுத்துகளை எதிரொலியாகத் திருப்பி அனுப்பும். கருவி தன் பேச்சையே கட்டளையாக வாங்கிக் குழம்பும். போர்ட் அமைப்புகளை மாற்ற உதவும் டெர்மியோஸ் வழியே எதிரொலியை நிறுத்திவிட வேண்டும்.

இதற்கெல்லாம் வெகு முன்பே, இந்த வழியை ஒரு நிறுவனம் மிக அழகாகத் தொடங்கிவைத்தது. லண்டனில் டேவிட் பாட்டர் நிறுவிய சயான், 1984இல் ஆர்கனைசர் என்ற கைக்கணினியை வெளியிட்டது. 1986இல் வந்த இரண்டாம் ஆர்கனைசரில் ஓபிஎல் என்ற மொழி கருவிக்குள்ளேயே இருந்தது. பயனர் அதன் சிறிய விசைப்பலகையில் நிரல் எழுதி அங்கேயே ஓட்டலாம். மேற்புறத் துளையில் காம்ஸ்லிங்க் என்ற சீரியல் இணைப்பைச் செருகிவிட்டால், பார்கோடு கருவி, அச்சுப்பொறி, மேசைக்கணினி எதனோடும் பேசலாம். 1991இல் வந்த சயான் சீரீஸ் 3இல் போர்ட்டைத் திறக்க எல்ஓபன் என்ற ஒரே கட்டளை. அதன்பின் எல்பிரின்ட் என்று சொன்னால் எழுத்துகள் கம்பியில் போய்விடும். இயல்பான அமைப்புகளே போதுமென்றால் கட்டமைப்பும் இல்லை, 28 பைட்டும் இல்லை. கடைக்காரரும் கிடங்குக் கணக்கரும் தம் தேவைக்கு எழுதிக்கொள்ள முடிகிற அளவுக்கு எளிமை அது. கைக்கணினியை வாங்கியவர்தான் அதன் முழு எஜமானர் என்று சயான் நம்பியது. பிறகு வந்தவர்கள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை என்பதே என் தீர்ப்பு.

இன்றைய நிலையைப் பாருங்கள். கையிலிருக்கும் ஸ்மார்ட்ஃபோன், ஐபேக்கைவிடப் பல நூறு மடங்கு வலிமையானது. ஆனால் அதில் ஒரு கருவியின் சீரியல் கம்பியைச் செருகிப் பேச நினைத்தால் வழி நெடுகக் கதவுகள். ஆண்ட்ராய்டில் 2011இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து யுஎஸ்பி கருவிகளோடு செயலிகள் பேச அனுமதி உண்டு. என்றாலும் போர்ட் ஒரு சாதாரணக் கோப்பாகத் தென்படாது. எஃப்டிடிஐ, சிஎச்340 போன்ற ஒவ்வொரு யுஎஸ்பி-சீரியல் மாற்றிச் சில்லின் மொழியையும் செயலியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். பயனரிடம் அனுமதியும் கேட்க வேண்டும். ஐஃபோனில் கம்பி வழி இணைப்புக்கும் பழைய புளூடூத் வழி சீரியலுக்கும் ஆப்பிளின் துணைக்கருவி உரிமத் திட்டம் குறுக்கே நிற்கிறது. குறைந்த ஆற்றல் புளூடூத் மட்டும் திறந்திருக்கிறது. பாதுகாப்புக்கான காரணங்கள் இதில் இருக்கின்றன, அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் தன் கருவியோடு தானே பேச விரும்பும் மாணவருக்குப் பாதுகாப்பின் பெயரால் வழியே இல்லாமல் செய்வது நியாயமில்லை.

ஆறுதல் தருவது வேறொரு பக்கம். டேமியன் ஜார்ஜ் 2013இல் தொடங்கிய மைக்ரோபைத்தான், சில நூறு ரூபாய் விலையுள்ள நுண்கட்டுப்பாட்டுப் பலகைக்குள் பைத்தானை உட்கார வைத்திருக்கிறது. அதில் யூஆர்ட்டைத் திறக்க ஒரு வரி போதும். அந்தப் பலகைக்கு நாம் கட்டளை தட்டுவதும் ஒரு சீரியல் இணைப்பின் வழியாகத்தான். தராசு, மண் ஈரமானி, ஜிபிஎஸ் சில்லு, காற்றுத்தர உணரி என்று இன்றும் சீரியலில் பேசும் கருவிகள் சந்தை முழுக்கக் கிடைக்கின்றன. மேலே சொன்ன காலக்கெடு, அரை வரி, சரிபார்ப்பு எண், மின்னழுத்தம் ஆகிய எல்லாமே அங்கும் அப்படியே பொருந்தும்.

ஆகவே கல்லூரி ஆய்வகத்துக்கோ பண்ணைக்கோ ஒரு மின்னணுத் தராசோ பிஎச் மானியோ வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே மூன்று கேள்விகளைச் சேர்த்துவிடுங்கள். கருவியில் சீரியல் வெளியீடு உண்டா? அதன் வேகமும் மின்னழுத்தமும் என்ன? அது அனுப்பும் வரியின் அமைப்பு கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கிறதா? மூன்றாவதற்கு விடை தராதவரிடம் வாங்காதீர்கள்.